ரிசல்ட் விழுந்தால் யார் பதில் சொல்வது?

வாசகர் கடிதம், சுருக்கமாக

மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் நடத்தும் ஆசிரியை எழுதியிருக்கிறார். பதினேழு ஆண்டு அனுபவம். இரண்டு ஆண்டுகளாகப் பாட ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் அவரிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வை எழுதிய 66 பேரில் 54 பேர் தேறினார்கள். இந்த ஆண்டு 68 பேரில் 48 பேர். 82 விழுக்காடு 71க்கு வந்துவிட்டது. வகுப்பு இரண்டு பிரிவு. ‘அ’ பிரிவை இவரும் ‘ஆ’ பிரிவைப் பணிக்கு வந்து மூன்றாண்டே ஆன ஓர் ஆசிரியரும் நடத்துகிறார்கள். ‘அ’வில் 34க்கு 28, ‘ஆ’வில் 34க்கு 20.

நிர்வாகம் ஒரு முடிவோடு வந்திருக்கிறது. எந்தப் பாடத்திலாவது தேர்ச்சி 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த ஆசிரியர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தொடர்ந்து இரண்டு ஆண்டு போனால் ஊதிய உயர்வு நிறுத்தப்படும். இதற்கான விதிகளை ஒரு மாதத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருப்பது இவரிடம்தான்.

ஸ்டாஃப் மீட்டிங்கில் மூத்தவர்கள், “வீட்டில் புத்தகமே திறக்காத பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார்களாம். இளையவர்களில் சிலர், “நாம் பொறுப்பேற்காவிட்டால் வேறு யார் ஏற்பார்கள்?” என்றிருக்கிறார்கள். தலைமையாசிரியர் வாயே திறக்கவில்லை. ஆசிரியை கேட்பவை இவை: மாணவர் அடைவுக்கு, அதாவது அவர்கள் படிப்பில் எட்டும் நிலைக்கு, பள்ளியைக் கேள்வி கேட்பது நியாயமா? வீட்டுச் சூழல்தான் பெரிது என்று ஆய்வுகளே சொல்கின்றனவே? இந்த வரைவை எழுதினால் சக ஆசிரியர்களுக்குத் துரோகம் செய்தவராகிவிடுவாரா? எழுதத்தான் வேண்டுமென்றால் என்ன எழுதுவது? நுழைவுத் தேர்வு மதிப்பெண் பட்டியலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். அதை அனுப்பியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது கீழே தெரியும்.

---

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு முரண் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், வீட்டுச் சூழல்தான் காரணம் என்பதால் பள்ளியைக் கேட்கக் கூடாது என்கிறீர்கள். நான்காம் பக்கத்தில், “எங்கள் கற்பித்தல்தான் தளர்ந்துவிட்டதோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை” என்கிறீர்கள். இதற்காக வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். ஆனால் எண்களைப் பார்க்கும் முன்பே இரண்டு முடிவுக்கும் வந்துவிட்டீர்கள். நிர்வாகம் செய்த தவறும் அதேதான்.

அதனால் நியாய அநியாயத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் கணக்கு. கணித ஆசிரியையிடம் இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

82 எப்படி 71 ஆனது

68 பேரில் ஒரு பிள்ளை என்பது கிட்டத்தட்ட ஒன்றரை விழுக்காடு. 66, 68 பேர் உள்ள குழுக்களில், ஆசிரியரும் பாடமும் உழைப்பும் அப்படியே இருந்தாலும், தற்செயலால் மட்டுமே ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் 7 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசம் சாதாரணமாக வரும். 14 வரை போனாலும் வியக்க ஒன்றுமில்லை. உங்கள் பள்ளியில் விழுந்தது 11. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கற்பித்தல் சரிந்துவிட்டது என்று நிர்வாகமும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. சரியவில்லை என்று மூத்தவர்கள் சாதிக்கவும் முடியாது.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் இதைவிட நல்ல தடயம் இருக்கிறது. சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய இரண்டு அணியும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது ஒரே வினாத்தாளில் நுழைவுத் தேர்வு எழுதியிருக்கின்றன. அதில் 60க்கு மேல், 40 முதல் 59 வரை, 40க்குக் கீழ் என்று மூன்று அடுக்காகப் பிரித்தேன். சென்ற ஆண்டு அணியில் மேல் அடுக்கில் 30 பேர், நடுவில் 24, கீழே 12. இந்த ஆண்டு அணியில் 21, 25, 22. கீழ் அடுக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருக்கிறது. வந்து சேர்ந்த பிள்ளைகளே வேறு.

இனி அடுக்குவாரியாகத் தேர்ச்சி. மேல் அடுக்கில் சென்ற ஆண்டு 30க்கு 29, இந்த ஆண்டு 21க்கு 20. இங்கே மாற்றம் ஏதுமில்லை. நடு அடுக்கில் 24க்கு 20 இருந்தது 25க்கு 19 ஆகியிருக்கிறது, அதாவது 83 விழுக்காடு 76 ஆனது. கீழ் அடுக்கில் 12க்கு 5, இப்போது 22க்கு 9. அங்கே 42 விழுக்காடு 41 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டின் ஒட்டுமொத்தத் தேர்ச்சி அப்படியே தொடர்ந்திருந்தால் இந்த ஆண்டு ஏறக்குறைய 56 பேர் தேறியிருக்க வேண்டும். அடுக்குவாரித் தேர்ச்சியை இந்த அணிக்குப் பொருத்திப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டியது 50 பேர். உண்மையில் தேறியது 48. குறைந்த எட்டுப் பேரில் ஐந்தாறு பேருக்குக் காரணம் அணியின் கலவை. இரண்டு பேர் மட்டும் அப்படி விளங்கவில்லை. அவர்களும் நடு அடுக்கைச் சேர்ந்தவர்கள். அது தற்செயலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த இடத்தைப் பார்க்க வேண்டியது பள்ளியின் வேலை.

இதைப் படித்ததும் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம். கீழ் அடுக்கை இன்னொரு தடவை பாருங்கள். சென்ற ஆண்டு அதிலிருந்த 12 பேரில் 7 பேர் தோற்றார்கள். 82 விழுக்காடு வந்த ஆண்டு அது. அந்த ஏழு பேரைப் பற்றி அப்போது யாராவது விளக்கம் கேட்டார்களா? நிர்வாகம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டதாகவும் இல்லை. பலவீனமான அடித்தளத்தோடு உள்ளே வரும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்த பிறகும் தேறவில்லை. நல்ல ஆண்டிலும் இதே நிலைதான், கெட்ட ஆண்டிலும் இதே நிலைதான். பள்ளி பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். 11 புள்ளி சரிவு என்று எல்லோரும் பதறிய கூட்டத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை.

“வீடுதான் காரணம்”: இதில் பாதி உண்மை

உங்கள் மூத்த சகாக்கள் மேற்கோள் காட்டும் வாதம் 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கையிலிருந்து கிளம்பியது. ஏறத்தாழ நாலாயிரம் பள்ளிகள், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பள்ளிகளின் வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே மாணவர் அடைவோடு அதிகம் பொருந்திப்போகிறது என்று அது கண்டது. அந்தக் கண்டுபிடிப்பு உறுதியானது. பின்னால் வந்த ஆய்வுகளும் அதைத் தள்ளிவிடவில்லை.

ஆனால் அது அளந்தது ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை. பள்ளிக்கே போகாவிட்டால் பிள்ளை என்ன ஆகும் என்பதை அது அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. ஆய்வில் இருந்த எல்லோரும் பள்ளிக்குப் போனவர்கள். இரண்டாவதாக, அடைவு வேறுபாட்டின் பெரும்பகுதி பள்ளிகளுக்கு இடையில் அல்ல, ஒரே பள்ளிக்குள்தான் இருக்கிறது என்றும் அதே அறிக்கை காட்டியது. ஒரே கூரையின் கீழ் சிலர் மேலேயும் சிலர் கீழேயும் இருக்கிறார்கள் என்றால் பள்ளி செய்வதற்கு நிறையவே இருக்கிறது. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. பள்ளி சார்ந்த காரணிகளில் கட்டடம், ஆய்வகம் எல்லாவற்றையும்விட ஆசிரியரின் தரமே கூடுதலாகப் பொருந்தியது என்பதும் அந்த அறிக்கையில் உள்ளதுதான்.

மூத்தவர்களிடம் இதை வாதமாக வைக்காதீர்கள். கூட்டத்தில் வாதம் செய்து யாரும் மனம் மாறியதில்லை. “இந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆதரவு இல்லை என்பது நமக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் மாதமே தெரியும். தெரிந்த பிறகு நாம் எதை மாற்றினோம்?” என்று ஒரு குறிப்பிட்ட பிள்ளையை வைத்துக் கேளுங்கள். இதற்கு “மாற்ற நேரமே கொடுக்கவில்லை” என்று பதில் வரலாம். அது சாக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை, உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் பதில் சொல்ல வேண்டியவர் நிர்வாகம்.

எல்லாம் நம் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்தும் இளைய ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மாணவர் தேர்வு மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியர்களுக்குச் சேரும் பங்கு 1 முதல் 14 விழுக்காடு என்றே பெரும்பாலான ஆய்வுகள் காண்கின்றன. ஆசிரியர் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஓராண்டில் ஓர் ஆசிரியரின் தலையில் மட்டும் ஒரு வகுப்பின் முடிவை ஏற்ற முடியாது என்பதே பொருள். பத்தாம் வகுப்பு ஆசிரியர் வாங்குவது அவருக்கு முன் ஒன்பது ஆண்டு பலர் கட்டிய வீட்டை. விரிசலுக்குக் கடைசியாகச் சுண்ணாம்பு பூசியவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

உங்கள் ‘ஆ’ பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 59 விழுக்காடு, உங்கள் பிரிவில் 82. நிர்வாகத்தின் கண் அந்த இளம் ஆசிரியர் மேல் விழுந்திருக்கும். பட்டியலைப் பார்த்தால் கீழ் அடுக்கின் 22 பேரில் 16 பேர் அவர் வகுப்பில், உங்களிடம் 6 பேர். உங்கள் வகுப்பின் அடுக்குவாரித் தேர்ச்சி அவருக்கும் கிடைத்திருந்தால்கூட 34க்கு 24 பேர்தான் தேறியிருப்பார்கள், அதாவது 71 விழுக்காடு. உங்களை அங்கே உட்கார வைத்தாலும் அந்த 75 என்ற கோட்டைத் தொட்டிருக்க மாட்டீர்கள். பிரிவு பிரித்தது யார் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. அனுபவம் குறைந்தவரிடம் கடினமான வகுப்பைக் கொடுத்த முடிவுக்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

75 என்ற கோடு என்னென்ன செய்யும்

அளவுகோலில் தண்டனையைக் கட்டினால் அளவுகோல் வளையும். சமூக உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களில் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். அதற்கு நூறாண்டுக்கு முன்பே இங்கிலாந்து பட்டுத் தெரிந்துகொண்டது. 1862 முதல் அங்கே பள்ளி மானியம், ஆய்வாளர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் தேறுவதோடு கட்டப்பட்டது. விளைவு, வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மற்றப் பாடங்கள் தேய்ந்தன. 1890களில் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான சட்டம், 2014க்குள் வாசிப்பிலும் கணிதத்திலும் நூற்றுக்கு நூறு மாணவர்கள் தகுதி பெற வேண்டும் என்றது. எந்த மாநிலமும் அதை எட்டவில்லை. 2015இல் வேறு சட்டம் வந்தது. இடையில் அட்லாண்டாவில், 2011இல் முடிந்த மாநில விசாரணை, 44 பள்ளிகளில் விடைத்தாள் மோசடி நடந்ததைக் கண்டது. 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் இருந்தார்கள். அத்தனை பேரும் பிறவியிலேயே நேர்மையற்றவர்களாக இருந்திருக்க முடியாது.

உங்கள் பள்ளியில் மோசடி வரும் என்று சொல்லவில்லை. அதற்கு முன் சத்தமில்லாமல் வருபவை சில உண்டு. முதலில் வருவது விளிம்பு வேட்டை. தேர்ச்சிக் கோட்டுக்கு ஐந்தாறு மதிப்பெண் கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு நடக்கும். மிகப் பின்தங்கியவர்களைத் தொட்டால் லாபமில்லை, முன்னே நிற்பவர்களைத் தொட அவசியமில்லை. உங்கள் கீழ் அடுக்கில் இந்த ஆண்டு தோற்ற 13 பேரைப் போன்றவர்கள் இந்த விதியில் இன்னும் நன்றாகக் கைவிடப்படுவார்கள். அடுத்தது வகுப்புச் சண்டை. ‘ஆ’ பிரிவை யாரும் எடுக்க மாட்டார்கள். மூத்தவர்கள் தள்ளிவிட, கடைசியில் வந்தவர் தலையில் விழும். மூன்றாவதாக, பள்ளியே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண் வீங்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: அகமதிப்பீட்டு விழுக்காட்டுக்கும் எழுத்துத் தேர்வு விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுவாரியாக எழுதுங்கள், விதி வந்த ஆண்டில் அது திடீரென்று விரிந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது கடைசி. “இந்தப் பையனுக்கு வேறு பள்ளி பொருத்தமாக இருக்கும்” என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வது. இது ஒன்பதாம் வகுப்பின் முடிவில் நடக்கும். தேர்ச்சி விழுக்காடு ஏறும், பிள்ளை தெருவில் நிற்பான். இதைத் தடுக்க ஒரே வழிதான் உண்டு. தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையை வகுக்கும் எண்ணாக வைக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் நாள் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களை வையுங்கள். இடையில் போனவர் ஒவ்வொருவருக்கும் எங்கே போனார், ஏன் போனார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இடையில் சேர்ந்தவர்களைத் தனியாகக் காட்டுங்கள், விட்டுவிடாதீர்கள்.

பதில் வேறு, பழி வேறு

ஆசிரியர்கள் பொறுப்புக்கூறலுக்கே எதிரானவர்கள் என்று நிர்வாகங்கள் நினைப்பதுண்டு. எதைச் சுட்டி “பொறுப்பு” என்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பாடத்தை முடித்தீர்களா, நோட்டைத் திருத்தினீர்களா, பின்தங்கிய பிள்ளையை எப்போது கவனித்தீர்கள், கவனித்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். சக ஆசிரியர் கேட்டால் இன்னும் விரிவாகவே சொல்வார்கள். அவர்கள் முரண்டு பிடிப்பது தங்கள் கையில் இல்லாத ஒற்றை எண்ணுக்கு, அதுவும் மெமோ வடிவில் கேட்கும்போது. அந்த முரண்டு நியாயமானது.

தலைமையாசிரியரின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான், கீழே ஆள் பற்றாக்குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பொதுக்கூட்டத்தில் அவர் எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் போய்விடும். மேலே உள்ள கணக்கை ஒரே தாளில் எழுதி அவரிடம் தனியாகக் கொடுங்கள். பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்தால் அவர் பேசக்கூடும்.

ஊதிய உயர்வு நிறுத்தம் பற்றிச் சுருக்கமாக. உங்கள் நியமன ஆணையிலோ பணி விதிகளிலோ தேர்ச்சி விழுக்காடு ஒரு நிபந்தனையாக இல்லையென்றால், அதை இடையில் சேர்ப்பது சட்டக் கேள்வி. நான் கல்வி மதிப்பீட்டு ஆள். அதற்குப் பணிச்சட்டம் தெரிந்த வழக்கறிஞரை ஆணையின் நகலோடு பாருங்கள். விளக்கக் கடிதத்தைப் பற்றி மட்டும் நானே சொல்லிவிடலாம். தனிப்பதிவேட்டில் சேரும் காகிதத்தில் எந்த ஆசிரியரும் உண்மையை எழுத மாட்டார். “அல்ஜிப்ராவை அவசரமாக ஓட்டிவிட்டேன்” என்று எழுதி யார் மாட்டிக்கொள்வார்கள்? “மாணவர்களின் ஆர்வமின்மை, பெற்றோரின் ஒத்துழைப்பின்மை” என்றுதான் வரும். கோப்பு நிறையும், அதிலிருந்து ஒரு பிள்ளைக்கும் பயனில்லை.

வரைவில் எதை எழுதலாம்

துரோகமாகிவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். வரைவை நீங்கள் எழுதுவது தவறில்லை. எழுதாவிட்டால் 75 என்ற கோடு அப்படியே விதியாகும். ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். 71 விழுக்காடு என்ற கணிதத் தேர்ச்சியில் பாதிக்கு நீங்களே உரியவர் என்பதை வரைவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் யாராவது சொல்லிக்காட்டுவதைவிட அது நல்லது. அடுத்தது, வகுப்பறையில் உட்கார்ந்து உதவும் ஒருங்கிணைப்பாளரும் ஊதிய உயர்வுக்கு மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள் எழுதும் வகுப்பறைக் குறிப்பு ஒன்றே ஒன்று அந்தக் கோப்புக்குள் போய்விட்டாலும் அடுத்த நாள் முதல் ஒவ்வொரு வகுப்பிலும் உங்களுக்கு நாடகம்தான் காட்டுவார்கள்.

*எந்த எண்.* ஓராண்டுத் தேர்ச்சிக்குப் பதில் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்; 200 பேருக்கு மேல் வரும்போது தற்செயலின் ஆட்டம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அடங்கும். அடுக்குவாரியாகக் காட்டுங்கள். இங்கிலாந்தில் 2016 முதல் பள்ளிகளை அளந்த முறையும் இதே யோசனைதான்: முன்பு ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டு, இந்தப் பள்ளியில் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்ப்பது. ஒரு பொறி உண்டு. நுழைவுத் தேர்வு முக்கியமாகிவிட்டால் அதைக் கடுமையாக்கித் தொடக்கக் கோட்டைத் தாழ்த்தும் ஆசை வரும். ஆகவே அதே வினாத்தாளை வைத்திருங்கள், பள்ளிக்குள் கணிதம் நடத்தாதவர்கள் திருத்தட்டும்.

*விடைத்தாள் ஆய்வு.* பொதுத்தேர்வுத் தாள்கள் உங்கள் கைக்கு வராது. கடைசித் திருப்புதல் தேர்வின் தாள்கள் இருக்கும். நடு அடுக்கில் தோற்ற 6 பேர், கீழ் அடுக்கில் தோற்றவர்களில் 6 பேர், ஆக 12 தாள். ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று குறிகளில் ஒன்று: தொடவில்லை, தொடங்கி நின்றது, முடித்தும் தவறு. ஒன்றரை மணி நேரம் போதும். மூன்றுக்கும் மருந்து வேறு. தொடவே இல்லை என்றால் நடத்தாத பகுதி, அல்லது நேரம் போதாமை, அல்லது பயம். முடித்தும் தவறு என்றால் சரிபார்க்கும் பழக்கம் இல்லை. தொடங்கி நின்றது என்றால் எந்த வரியில் நின்றது என்று பாருங்கள். இருபடிச் சமன்பாட்டில் நின்ற பிள்ளை பெரும்பாலும் இருபடியில் நிற்பதில்லை, எதிர்க்குறி எண் இரண்டைப் பெருக்கும் இடத்தில் நிற்கிறது. அது கீழ் வகுப்புப் பாடம். அந்தப் பிள்ளைக்கு இருபடியை இன்னும் பத்து தடவை நடத்தினாலும் அங்கேதான் நிற்கும்.

*ஆசிரியர் தருவது.* ஆய்வில் தெரிந்த இரண்டு இடங்களுக்கு எழுத்தில் ஒரு சிறு திட்டம், ஆறு வாரத்தில் பதினைந்து நிமிடத் தேர்வு ஒன்று. திட்டம் பலிக்காவிட்டால் அது தவறாகாது, மாற்ற வேண்டும். தேர்வில் பலிக்கவில்லை என்று தெரிந்தும் அதையே தொடர்ந்தால்தான் கேள்வி. ஆசிரியர் எதற்குப் பதில் சொல்வார் என்று விதியில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

*நிர்வாகம் தருவது.* இந்தப் பகுதி இல்லாத வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள். வாரத்துக்கு 6 பாடவேளை, 36 வாரம் என்றால் ஏட்டில் 216. பாடக் குறிப்பேட்டை எடுத்து உண்மையில் நடந்ததை எண்ணுங்கள். தேர்வு நாட்கள், விழா ஒத்திகை, மாற்று ஆசிரியர் இல்லாத விடுப்பு எல்லாம் கழிந்து 160 பாடவேளை அளவில் வந்து நின்றால், நாலில் ஒரு பங்கு கற்பித்தல் நடக்கவே இல்லை. அதற்கு எந்தக் கணித ஆசிரியரும் விளக்கம் எழுத முடியாது. கீழ் அடுக்கு மாணவர்களுக்கு வாரம் இரண்டு கூடுதல் பாடவேளையை விளையாட்டு நேரத்திலிருந்து பிடுங்காமல் ஒதுக்குவது, பிரிவுகளை அடுக்கு கலந்து பிரிப்பது, காலியிடத்தை எத்தனை நாளில் நிரப்புவார்கள் என்று தேதி குறிப்பது, இவை மூன்றும் எழுத்தில் வேண்டும். ஆசிரியரிடம் ஒரு படி கூடுதலாகக் கேட்பவர், அந்தப் படியில் ஏறத் தேவையானதைக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

*விளைவுகள்.* முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஊதியத்தைத் தொடக் கூடாது என்று எழுதுங்கள். புதிய அளவுகோல் எதை அளக்கிறது என்று தெரியவே அவ்வளவு காலம் ஆகும். நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் அடிப்படையாக வைக்காமல் திட்டம், ஆறு வாரத் தேர்வு, பாடவேளை எண்ணிக்கை மூன்றையும் சேர்த்தே எந்த முடிவும் எடுக்கப்படும் என்ற வரியாவது இருக்கட்டும். அதற்கும் மறுத்தால் உங்கள் ஆட்சேபத்தை ஒரு பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, வரைவோடு இணைத்துக் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

நிர்வாகக் கூட்டத்தில் விழுக்காட்டிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அணியின் நுழைவுப் பட்டியலில் 40க்குக் கீழ் எடுத்தவர்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த தேர்வுக்கு அவர்களுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. அந்தத் தாளை முதலில் மேசையில் வைத்துவிட்டு, “இவர்களுக்கு இந்த வாரம் முதல் யார், எந்தப் பாடவேளையில்?” என்று கேளுங்கள். 75ஐப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.